பணம் போடுவதற்கு முன் ஒருமுறை அழித்துப் பாருங்கள்

கிரிப்டோ வாலட் அமைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருபவர்களிடம் நான் வலியுறுத்தும் ஒரு வேலை, பெரும்பாலோருக்குப் பிடிப்பதில்லை. வாலட்டை அமைத்து முடித்த கையோடு, அதில் ஒரு ரூபாய் மதிப்புக்குக்கூட எதையும் போடுவதற்கு முன், அதை முழுவதுமாக அழித்துவிட வேண்டும் என்பேன். ஆப் என்றால் கைப்பேசியிலிருந்து நீக்க வேண்டும். கருவி என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். பிறகு, அமைக்கும்போது வாலட் காட்டித் தாளில் எழுதி வைத்திருக்கும் மீட்புச் சொற்களை மட்டும் பார்த்து, அதே வாலட்டை மறுபடியும் கொண்டுவர வேண்டும். இப்போதுதானே அமைத்தோம், அதற்குள் ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். எழுதி வைத்தது சரிதானா என்று அறிய எந்த வாலட்டிலும் செய்யக்கூடிய நம்பகமான வழி இதுதான் என்பதே பதில். எந்த ஆப் நல்லது, எந்தக் கருவி உறுதியானது என்று மணிக்கணக்கில் யூடியூப் பார்ப்பவர்களில் பலர் இந்தச் சின்ன வேலையைச் செய்வதில்லை.

வாலட்டுக்குள் நாணயம் எதுவும் கிடையாது. பிட்காயினோ ஈத்தரோ, எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றுபோலப் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் முகவரியிலிருந்து தொகையை நகர்த்தும் அதிகாரத்தைத் தரும் ரகசிய எண்தான் பிரைவேட் கீ. அந்த எண்ணை உருவாக்கி, காத்து, தேவைப்படும்போது அதைக் கொண்டு கையொப்பமிடுவதுதான் வாலட்டின் வேலை. 2013-இல் எழுதப்பட்ட பிப்-39 என்ற தரநிலை, இத்தகைய ரகசிய எண்களை வருவிக்கும் மூல எண்ணை மனிதர் தாளில் எழுதி வைக்கும்படி ஆக்கியது. 2,048 எளிய ஆங்கிலச் சொற்களைக் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் உங்களுக்குத் தருகிறது. இதைத்தான் சீட் ஃப்ரேஸ் என்கிறார்கள். 12 சொற்களுக்குள் 128 பிட் அளவிலான, அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 128 கொண்ட எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. அத்தகைய எண்கள் எத்தனை இருக்க முடியும் என்று கணக்கிட்டால் விடை 39 இலக்கங்களுக்கு நீள்கிறது என்பதால், அதை ஊகித்துக் கண்டுபிடிக்க இன்றைய கணினி எதனாலும் ஆகாது. கைப்பேசி உடைந்தாலும், கருவி தொலைந்தாலும், அதைத் தயாரித்த நிறுவனமே மூடப்பட்டாலும், சொற்கள் இருந்தால் பணம் இருக்கிறது. சொற்கள் இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் பணமும் அவர் கைக்குப் போய்விடும்.

இவ்வளவு பொறுப்பை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், நாணயங்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. 2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்பிலான நாணயங்கள் களவு போயின. பலர் கையொப்பமிட்டால்தான் திறக்கும் வாலட் அது. திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையொப்பமிடப்பட்டதும் வேறுவேறாக இருந்தன என்று அந்த நிறுவனமே பின்னர் தெரிவித்தது. வாடிக்கையாளர்களின் நாணயங்கள் ஓராண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தன; சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி 2025 அக்டோபரில்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது. பாதிக்கப்பட்ட ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவரிடம் இருந்தது எக்ஸ்ஆர்பி என்ற வேறொரு நாணயம். களவு போனவையோ ஈத்தர் ஓடும் நெட்வொர்க்கான ஈத்தரியத்தைச் சார்ந்த நாணயங்கள். ஆயினும் அவருடைய கணக்கும் மற்றவர்களுடையதோடு சேர்த்து முடக்கப்பட்டிருந்தது. கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை உடைமையாக அனுபவிக்கவும் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று அந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்பது ஆறுதல்தான். ஆனால் நாணயம் உங்கள் கையில் இருந்திருந்தால் நீதிமன்றப் படி ஏறும் வேலையே இருந்திருக்காது.

அதற்காக எல்லோரும் இன்றே எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சில ஆயிரம் ரூபாயைப் போட்டு வேடிக்கை பார்ப்பவருக்கு, தனிக் கருவியாக வரும் ஹார்டுவேர் வாலட்டின் விலையே முதலீட்டைவிட அதிகமாகிவிடும். வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று ஆண்டுக்கு இருமுறை தேடுகிறவருக்கு எக்ஸ்சேஞ்சே பாதுகாப்பானது என்றும் நினைக்கிறேன். அங்கே கடவுச்சொல் மறந்தால் கேட்டுப் பெறவாவது ஆள் இருக்கிறார்கள். இழந்தால் தூக்கம் கெடும் அளவுக்குத் தொகை வளர்ந்துவிட்டவர்களுக்காகவே இனிச் சொல்லப்போகும் எல்லாமும்.

கைப்பேசி ஆப்பாகவோ, மெட்டாமாஸ்க் போல உலாவியின் நீட்டிப்பாகவோ இருக்கும் வாலட்டில் ரகசிய எண் இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் சாதனத்திலேயே இருக்கிறது. அன்றாடச் செலவுக்கான சிறு தொகைக்கு அது போதும். பெரிய தொகைக்கு ஹார்டுவேர் வாலட் வேண்டும். 2014-இல் செக் நாட்டின் ப்ராக் நகரிலிருந்து வெளிவந்த ட்ரெசர் இவ்வகையில் முன்னோடி. பிரான்சின் லெட்ஜர் இன்னொரு பெயர்பெற்ற நிறுவனம். ரகசிய எண் இந்தக் கருவியைவிட்டு வெளியே வராமல், கையொப்பம் மட்டும் வெளியே வருகிறது. வாங்கும்போது தயாரிப்பாளரின் தளத்திலோ அவர்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் விற்பனையாளரிடமோ வாங்க வேண்டும். பழைய பொருள் விற்கும் தளங்களில் மலிவாகக் கிடைப்பதைத் தொடக்கூடாது. பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடி. விற்றவரிடம் அதன் நகல் இருக்கும். நீங்கள் பணம் போடும் நாளுக்காகக் காத்திருப்பார். சொற்களைக் கருவிதான், உங்கள் கண் முன்னால், தன் சின்னத் திரையில் உருவாக்கிக் காட்ட வேண்டும்.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு கருவியை அமைத்துக் கொடுக்கும்போதுதான் இந்த அழித்துப் பார்க்கும் படியின் அருமையை நேரில் கண்டேன். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வர, அவர் எண் போட்டு, வங்கிப் பேரேட்டில் எழுதிப் பழகிய சாய்ந்த கூட்டெழுத்தில், அழகாக எழுதிக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா, அப்ப பாஸ்வேர்டு மறந்துட்டா யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்றார்.

"யாருகிட்டயும் கேக்க முடியாது சித்தப்பா. இந்தத் தாள்தான்" என்றேன்.

எழுதி முடித்ததும் கருவியை அழித்தோம். மீண்டும் தொடங்கி, அவரையே தன் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக உள்ளிடச் சொன்னேன். 12 சொற்களையும் இட்டு முடித்தார். சொற்கள் பொருந்தவில்லை என்று கருவி மறுத்துவிட்டது. முகம் வாடிவிட்டது. தாளை வாங்கிப் பார்த்தால், அவருடைய கூட்டெழுத்தில் ஆங்கிலத்தின் 'ஆர்' எழுத்தும் 'எஸ்' எழுத்தும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. 'ரைட்' என்று எழுதியதை 'சைட்' என்று அவரே வாசித்திருக்கிறார். அந்தப் பட்டியலில் 'ரைட்', 'சைட்' மட்டுமல்ல, 'லைட்', 'நைட்' ஆகியவையும் உண்டு. எழுதிய கொஞ்ச நேரத்திலேயே, எழுதியவருக்கே இந்தக் குழப்பம் என்றால், ஐந்தாண்டு கழித்து அவர் மகள் எடுத்துப் பார்க்கும்போது என்ன ஆகும்?

கருவி மறுத்ததுகூட ஒருவகையில் நல்ல காலம்தான். 12 சொல் தொகுப்பின் கடைசிச் சொல்லுக்குள் 4 பிட் அளவில் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றி இட்டால், 16-இல் 15 பங்கு அது பிடிபட்டுவிடும். மீதமுள்ள ஒரு பங்கு, பிழையான சொற்களும் தகுதியானவையாகவே ஏற்கப்பட்டு, வேறு ஒரு வாலட் திறக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. இருப்பு சுழியம் என்று மட்டும் காட்டும். பணம் திருடு போய்விட்டது என்றே பார்ப்பவர் முடிவு கட்டுவார். (24 சொற்கள் என்றால் இந்த வாய்ப்பு 256-இல் ஒன்றாகக் குறைகிறது.) ஆகவே, வாலட் திறந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அழிப்பதற்கு முன், பணம் பெற வாலட் காட்டும் முதல் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, மீட்ட பிறகு வரும் முதல் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தாளில் இருப்பது சரி.

அந்த முதல் சுற்றை ஒத்திகையாகவே வைத்துக்கொண்டோம். நான் சொற்களைப் பார்த்துவிட்டேன் அல்லவா. அதனால் கருவியை மறுபடி அழித்து, புதிய சொற்களை உருவாக்கச் சொல்லிவிட்டு, நான் கூடத்தில் போய் உட்கார்ந்து காபி குடித்தேன். அறையில் தனியே அவரே எழுதி, அவரே அழித்து, அவரே மீட்டார். இம்முறை கூட்டெழுத்து கிடையாது. எல்லாம் தனித்தனிப் பெரிய எழுத்து, பென்சிலில். ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் தெளிவாக இருந்தாலே போதும். அந்த நான்கைக் கொண்டே எந்தச் சொல் என்று பிரித்தறியும்படிதான் ஆங்கிலப் பட்டியல் தொகுக்கப்பட்டிருக்கிறது. பென்சில் ஏனென்றால், ஜெல் பேனா மை ஈரம் பட்டால் கரைந்து ஓடிவிடும், கரிக்கோடு ஓடாது.

அழித்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவி நீங்கள் சொல்லாமலேயே தன்னை அழித்துக்கொள்ளக் கூடியது. தவறான பின் எண்ணை 3 முறை இட்டால் லெட்ஜர் தன்னைத் தானே வெறுமையாக்கிக்கொள்ளும். ட்ரெசர் அதைவிடக் கூடுதலான முறை பொறுக்கும். மேசை மேல் கிடந்த கருவியைப் பேரன் எடுத்து விளையாடினாலே போதும். அதை முன்பே ஒருமுறை கடந்து வந்தவர் பதறாமல் தாளை எடுத்து வருவார்.

மீட்கும்போது வேறு ஆப்பில் முயன்றால் இருப்பு சுழியம் என்று காட்டுவதும் நடக்கும். ஒரே சொற்களிலிருந்து முகவரிகளை எந்த வழியில் வருவிப்பது என்பதில் ஆப்புகள் வேறுபடுகின்றன. பிட்காயினிலேயே '1' என்று தொடங்கும் பழைய வகை முகவரிகளும் 'பிசி1' என்று தொடங்கும் புதிய வகையும் உண்டு. எலெக்ட்ரம் போன்ற பழைய வாலட் தன் சொற்களுக்குப் பிப்-39 முறையைப் பின்பற்றாமல் தனக்கென்று ஒரு முறையையே வைத்திருக்கிறது. ஆகவே தாளின் ஓரத்தில் எந்த வாலட்டில் உருவாக்கியது, எந்த ஆண்டு, எந்த நாணயங்கள் என்று எழுதி வைப்பது நல்லது. சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியத் தொடரைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. 25-ஆவது சொல் என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும் இந்த வசதியை நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பதில்லை. இதில் பிழையான தொடர் என்று ஒன்று கிடையாது; எதை இட்டாலும் ஏதோ ஒரு வாலட் திறக்கும். ஓர் இடைவெளி கூடினாலும் திறப்பது காலி வாலட்தான்.

தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் அடுத்து எல்லோரும் கேட்பது. கூடாது. நம் கைப்பேசியில் எடுக்கும் படங்கள் பல நேரம் நாம் அறியாமலே கூகுள் போட்டோஸுக்குப் போய்ச் சேர்கின்றன. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. கூகுள் பிளேயிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இடம்பெற்றிருந்த ஆப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு, கைப்பேசியில் உள்ள படங்களைத் துழாவி, அவற்றிலுள்ள எழுத்துகளை வாசித்து, மீட்புச் சொற்கள் இருக்கும் படத்தை மட்டும் தேர்ந்து அனுப்பும் வேலையை அது செய்தது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சல் வரைவில் வைப்பது, எக்செல் கோப்பில் போட்டுக் கடவுச்சொல் இடுவது ஆகிய எல்லாமே இந்த வகையில்தான் சேரும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து இணையத்தோடு ஒட்டாத கருவி வாங்கியவர், அதன் சொற்களை இணையத்தில் வைத்தால் வாங்கியதன் பயனே போய்விடுகிறது.

ஆகவே தாள்தான். தாளுக்கு நம் ஊரில் எதிரிகள் ஏராளம்: கரையான், மழைக்கால ஈரம், பழைய காகிதக்காரருக்கு எடை போடும் அவசரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எத்தனையோ வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு நீருக்குள் கிடந்ததை நினைத்துப் பார்த்தால், ஒரே தாளை ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து விளங்கும். எழுத்துகளை அடித்துப் பதிக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் விற்கின்றன. தொகை பெரிதென்றால் அந்தச் செலவு தகும். இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் இருக்க வேண்டும். வங்கி லாக்கர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் தீ, களவு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கோடு முடிகிறது என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது என்பதையும், லாக்கரைத் திறக்கும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புத்திசாலித்தனம் என்று எண்ணிச் சிலர் 12 சொற்களை ஆறு ஆறாக வெட்டி இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். ஒரு பாதி தொலைந்தாலும் எல்லாம் போயிற்று. ஒரு பாதி திருடன் கையில் சிக்கினாலோ, 128 பிட் காவலில் ஏறத்தாழ 62 பிட்தான் மிஞ்சுகிறது. தொலைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகி, காவலும் பல கோடி மடங்கு பலவீனமாகிறது. பிரித்து வைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே வகுத்த முறைகள் இருக்கின்றன: மூன்று கருவிகளில் ஏதேனும் இரண்டு கையொப்பமிட்டால் போதும் என்று அமைக்கும் மல்டிசிக், சொற்களைப் பங்குகளாக்கி அவற்றில் சில சேர்ந்தாலே மீட்கும் ஷமீர் முறை. இரண்டுமே கற்றுக்கொள்ள நேரம் கேட்பவை.

இத்தனையும் செய்த பிறகு, பணத்தை உள்ளே கொண்டுவரும்போது முதலில் சிறு தொகையை அனுப்பிச் சோதிக்க வேண்டும். டாலர் மதிப்பை ஒட்டி வைக்கப்படும் யுஎஸ்டிடி போன்ற நாணயம் ஈத்தரியம், ட்ரான் என்ற வெவ்வேறு நெட்வொர்க்குகளில் தனித்தனியே ஓடுவதால், அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் தேர்ந்தெடுக்கும் நெட்வொர்க்கும் பெறும் வாலட்டின் நெட்வொர்க்கும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரியின் தலையையும் வாலையும் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதைத்தான் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி முடியும் ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்கு ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் அதை இடம்பெறச் செய்துவிடுவார்கள். அடுத்த முறை நீங்கள் அதையே நகலெடுப்பீர்கள் என்பது கணக்கு. 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறத்தாழ 6.8 கோடி டாலர் மதிப்புள்ள 1,155 டபிள்யூபிடிசி (பிட்காயின் மதிப்பை ஒட்டி ஈத்தரியத்தில் ஓடுவது) நாணயங்களை ஒரே பரிவர்த்தனையில் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் அந்தத் தொகை திரும்பி வந்தது என்பது விதிவிலக்கு.

கையொப்பமிடும்போது எதில் கையொப்பமிடுகிறோம் என்று கருவியின் திரையில் படிக்க முடியாவிட்டால், இடக்கூடாது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்ச் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்தது. கையொப்பமிட்டவர்கள் அதைத் தொழிலாகச் செய்பவர்கள். கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றமாகத் தெரிந்தது, உள்ளே வாலட்டையே மாற்றி எழுதும் கட்டளையாக இருந்தது. சாதாரணப் பயனர்களுக்கு இதே வலை, 'அப்ரூவ்' என்ற பொத்தானாக வருகிறது. ஏதோ ஒரு தளத்துக்கு, உங்கள் நாணயத்தை எடுத்துக்கொள்ள ஒருமுறை அளவில்லா அனுமதி கொடுத்துவிட்டால், சொற்கள் பத்திரமாக இருக்கும்போதே அந்த நாணயம் வெளியேறலாம். பெரிய தொகை இருக்கும் வாலட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காமல், விளையாடுவதற்குத் தனியாக ஒரு சிறிய வாலட் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர்தான் என்பதற்கு விலக்கே கிடையாது. 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் தரவு கசிந்து, ஏறத்தாழ 2.72 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியாயின. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்கு, பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம் என்ற கடிதத்தோடு, போலிக் கருவிகளே அஞ்சலில் வந்தன. டெலிகிராமில் உதவி மையம் என்று வருபவர்கள் இவர்களோடு ஒப்பிட்டால் சோம்பேறிகள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை ஆகாது. ஆனால் என்றேனும் விற்கும்போது, 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, வாங்கிய விலையைத் தவிர வேறெதையும் கழிக்க முடியாது. வாங்கிய விலைக்கான ஆதாரம் எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது, எக்ஸ்சேஞ்சுகள் மூடப்படுகின்றன. மாற்றும் அன்றே அந்த அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குடும்பம். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு. எல்லாக் கணினிகளிலும் பதிவாகும் அந்தக் கணக்கான பிளாக்செயினுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட அங்கே கவுண்டர் இல்லை. சித்தப்பா ஒரு கடிதம் எழுதி உறையிட்டு வைத்திருக்கிறார். அதில் சொற்கள் இல்லை. இப்படி ஒரு சொத்து இருக்கிறது, எந்தக் கருவி, தகடுகள் எந்த இரண்டு இடங்களில், யாரிடம் உதவி கேட்கலாம், அப்படி உதவ வருபவரிடமும் சொற்களைக் காட்டக் கூடாது என்பவை மட்டும் இருக்கின்றன. அவருடைய மகள் ஒரு காலி வாலட்டை வைத்து அழிப்பதையும் மீட்பதையும் தன் கையாலேயே செய்து பார்த்துவிட்டாள்.

சொற்கள் உள்ள தாளையோ தகட்டையோ யாரோ பார்த்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. பின் அந்தக் கருவிக்கு மட்டுமே காவல், சொற்கள் உலகில் எந்தக் கருவியிலும் செல்லும். புதிய சொற்களோடு வேறொரு வாலட்டை அமைத்து, அதையும் அழித்து மீட்டுப் பார்த்து, பழையதில் இருப்பது முழுவதையும் அன்றே புதியதற்கு அனுப்பிவிட வேண்டும். பழைய தாளைக் கிழிப்பதற்கு முன், பழைய முகவரிகளில் எல்லா நெட்வொர்க்கிலும் இருப்பு சுழியம்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.